அசையாத மடி

ஐந்தாம் மாதத்தில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆட வேண்டும். ஏழாம் மாதத்தில் தாலாட்டுக்குச் செவி சாய்க்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில்தான் கைகொட்ட வேண்டும். பிறகு முத்தம் தருதல். ஓராண்டு நிறைந்தபின் தளர்நடையிட்டு வருதல். அதற்கும் பிறகு வானத்து நிலவை விளையாட அழைத்தல். பிள்ளைத்தமிழ் என்னும் பாடல்வகை தெய்வக் குழந்தைகளுக்கு வகுத்திருக்கும் ஒழுங்கு இது. கோயம்புத்தூரில் தங்கித் தமிழ் வித்துவான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த இருபத்திரண்டு வயதில், உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் இந்த ஒழுங்கின்படியே வளர்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. அதுவரை எந்தக் குழந்தையையும் நான் அருகிலிருந்து பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதத்தில், மணமாகிப் பல ஆண்டுகள் காத்திருந்த என் அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் தாய் தந்தையர் இருவரும் அதற்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டனர். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அக்காளுக்கு எஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் குத்துவார்கள். உறவினர் எல்லோரும் கூடியிருக்கும் அவையில், தனக்கும் ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்று அக்காள் காட்டக்கூடிய இடம் அந்த மடிதான். குழந்தை வயிற்றில் இருந்தபோதே, "உன்ற மடியிலதான் தம்பி காது குத்தோணும்" என்று அவள் என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். ஒன்பதாம் மாதமாகிய ஆனியில் குத்துவதென்று முடிவாகியிருந்தது.

சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையில், பஸ்ஸை விட்டு இறங்கிச் சோளக்காட்டு வழியே நடந்தால் அவர்கள் தோட்டம் வரும். கிணற்றை ஒட்டி ஓடு வேய்ந்த சாளை, அதில்தான் குடியிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் அங்கே போய்விடுவேன். போகும்போது வெறுங்கையோடு போனதில்லை.

கடைவீதியில் அந்நாளில் குழந்தைகளுக்கான பொருள்கள் பலவகை கிடைத்தன. சாவி கொடுத்தால் தாளம் தட்டும் தகரக் குரங்கு இருந்தது. சப்பான் தேசத்திலிருந்து வந்த, ஊதினால் பறந்துவிடுவதுபோன்ற பொம்மைப் பெண்கள் இருந்தார்கள். நான் அவற்றின் பக்கம் திரும்பவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் கழங்கு, அம்மானை, ஊசல் என்னும் மூன்று விளையாட்டுகள் வரும். அவற்றைப் பின்னால் தேடி அலைவானேன் என்று முன்கூட்டியே சேர்க்கத் தொடங்கினேன். கழங்குக்காக ஒரு சிறு துணிப்பை நிறையக் கழற்சிக்காய் கொண்டுபோனேன். அக்காள் ஒரு காயை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். குழந்தையின் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை அவ முழுங்கிப்போட்டா, உன்ற புலவருங்க வந்து எடுத்துடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பையை அப்படியே பரண்மேல் வைத்துவிட்டாள்.

அம்மானைக்காக அரக்குச் சாயம் பூசிய மூன்று மரப்பந்துகள் வாங்கினேன். அவற்றை மேலே எறிந்து பிடித்துக் காட்டியபோது ஒன்று தவறிச் சோற்றுப்பானை மூடியின்மேல் விழுந்தது. குழந்தை வீறிட்டாள். நாயும் குரைத்தது. பனையோலையில் முடைந்த கிலுகிலுப்பை ஒன்றே அக்காளின் ஒப்புதலைப் பெற்றது. அதையும் நான் ஆட்டினால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காள் ஆட்டினால் சிரித்தாள்.

உண்மையில் ஆறாம் மாதம் தொடங்கியதிலிருந்தே என்னைக் கண்டால் அழத் தொடங்கியிருந்தாள். சாளையின் வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே உதடு பிதுங்கும். நான் எதிரே அமர்ந்து, குனிந்து, முகத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், ஐந்தாம் மாதமாகிய செங்கீரைப் பருவத்துக்கு உரிய பாடலை இராகத்தோடு பாடுவேன். பாடல் முடியும்வரை அவள் அழுவாள். நிறுத்தினால் விக்கலோடு அடங்குவாள். இசையில் குறை இருக்குமோ என்று இராகத்தை மாற்றிப் பார்த்தேன். இராகம் மாறியது, அழுகை மாறவில்லை.

இதற்கிடையில் எங்கள் பெரியப்பா மகன் அந்தக் குழந்தையின் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டிருந்தார். பல்லடத்தில் பருத்தி வியாபாரம் செய்தவர். உரத்த குரலும் நல்ல மனமும் உடையவர். முறைப்படி அவரும் தாய்மாமன்தான். பாட்டு, பொம்மை ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வண்டிமாட்டை ஓட்டுவதுபோல் உதட்டை அதிரவைத்து ஓர் ஓசை எழுப்புவார். குழந்தை கையும் காலும் உதறிக்கொண்டு அவரிடம் தாவுவாள். சித்திரை மாதம், அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே, கைகொட்டவும் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஒன்பதாம் மாதத்துக்கு உரியதை ஏழாம் மாதத்தில் செய்விக்கலாமா என்று நான் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு கிணற்றுமேட்டில் எருது ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏனப்பா புலவரே, ஒம்பதாம் மாசம் வரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்கோணும்னு புள்ளைகிட்ட யாரும் சொல்லலியாட்ட இருக்குது" என்றார். குழந்தை மறுபடியும் கைகொட்டினாள்.

அந்த மாதத்தில்தான் அக்காளின் கணவர், நான் மச்சான் என்று அழைப்பவர், ஒருநாள் உணவுக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். எதையும் அளந்து பேசுகிறவர். அண்டை ஊரில் சென்ற ஆண்டு ஒரு குழந்தை காது குத்தும் வேளையில் திமிறியதையும், துளை மடலின் ஓரத்துக்குப் போய்க் காது அறுந்துவிட்டதையும் முதலில் சொன்னார். காது குத்தும் ஆசாரி அது முதல் எந்த வீட்டுக்குப் போனாலும், அசையாத மடி இருந்தால்தான் ஊசியைத் தொடுவேன் என்று சொல்லிவிடுகிறாராம்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. உங்க உரிமையை நான் இல்லேங்கலே. ஆனா, எந்த மடியில புள்ளை அசையாம இருக்குதோ அந்த மடியிலதான் குத்தோணும். நம்ம பல்லடத்துப் பெரியவரும் மாமன்தானுங்க."

அதில் நியாயமன்றி வேறொன்றும் இல்லை. தலையசைத்தேன். சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காளின் கை ஓசை நின்றிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் வெளியே வந்தாள். அடுத்த சனிக்கிழமை வெயில் ஏறுமுன்னே வந்துவிடு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை நான் எந்தப் பொருளும் வாங்கிச் செல்லவில்லை. வாங்குவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அந்நாளில் எனக்கு முதுகின் பாதிவரை தொங்கும் குடுமி. கோயம்புத்தூரில் உடன் படித்தவர்கள் கிராப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், நான் மாறவில்லை. எண்ணெய்யும் சீயக்காயும் தேய்த்துக் கிணற்றடியில் குளித்துவிட்டு, முடியை முதுகில் விரித்துக் காயவிட்டபடி, ஆசாரம் என்னும் முன்கூடத்தில் சுவரைப் பார்த்து அமர்ந்து களியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை எனக்குப் பின்னால் எங்கோ பாயில் கிடந்தாள். என் முகத்தைக் காட்டி அவளை அழவைக்க வேண்டாமே என்றுதான் சுவரைப் பார்த்து அமர்ந்தேன்.

பாய் உரசும் ஓசை கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் ஓசை. பிறகு என் முடியின் நுனியை யாரோ இழுத்தார்கள்.

"தம்பி, திரும்பாதே" என்றாள் அக்காள், வாசற்படியிலிருந்து, காற்றுக்கும் கேட்காத குரலில். "அப்படியே இரு. மூச்சு உடாதே."

நான் திரும்பவில்லை. சின்னஞ்சிறு கை ஒன்று முடியைப் பற்றி இழுத்தது, விட்டது, மறுபடியும் பற்றியது. ஈர முடி விரல்களுக்கிடையில் வழுக்கியது அவளுக்குப் பெரும் வியப்பாக இருந்திருக்க வேண்டும். தனக்குள் ஏதோ பேசிக்கொண்டாள். முடியைப் பிடித்துக்கொண்டே முழங்காலில் எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் முடியின் நுனி முழுவதும் நனைந்திருந்தது. வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள் என்று அக்காள் பிறகு சொன்னாள். கையில் ஒட்டியிருந்த களி காய்ந்துபோகும்வரை நான் அசையவில்லை. வருகைப் பருவம் ஓராண்டுக்குப் பின் என்றுதான் நூல்கள் சொல்கின்றன. அவள் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். அன்றோடு மாதக் கணக்கை நான் விட்டுவிட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுவே விளையாட்டு. குளித்து, முடியை விரித்து, முதுகைக் காட்டி அமர்வேன். முதலில் பின்னால் நின்றாள். பிறகு முடியைப் பிடித்தபடியே பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தாள். முடியின் சொந்தக்காரனும் அழவைக்கும் முகத்தின் சொந்தக்காரனும் ஒருவனே என்று கண்டபோது சற்றுத் திகைத்தாள், உதடு பிதுங்கியது. ஆனால் கை முடியை விடவில்லை. கை விடாதிருந்ததால் உதடும் மெல்ல உள்ளே போயிற்று. வைகாசி பிறப்பதற்குள் என் மடியில் ஏறி அமர்ந்து, முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் முகத்தை மறைப்பதும் திறப்பதுமாக ஒரு நாழிகைக்கும் மேலாக விளையாடத் தொடங்கியிருந்தாள். மடி முடிவாகிவிட்டது என்றார் மச்சான். அக்காள் எனக்கு அன்று இரண்டு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள்.

அந்த மகிழ்ச்சியோடு கோயம்புத்தூர் திரும்பிய வாரத்தில் தேர்வு முடிவு வந்தது. தேறியிருந்தேன்.

தேர்வுக்கு முன்பாகவே நான் பழனியாண்டவனுக்கு ஒரு வேண்டுதல் செய்திருந்தேன். தேறினால் வைகாசி விசாகத்தன்று பழனியில் முடியிறக்குகிறேன் என்பதே அது. அப்போது என் முடி எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இப்போது அதற்கு இன்னோர் உரிமையாளர் இருந்தார். விசாகமோ காதுகுத்துக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது.

சனிக்கிழமை போய்ச் செய்தியைச் சொன்னேன். தேறியதற்கு எல்லோரும் மகிழ்ந்தார்கள். வேண்டுதலைச் சொன்னதும் எல்லோர் பார்வையும் என் முடிமேல் போயிற்று. மச்சான் நீண்ட நேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். விசாகத்தை விட்டு, காதுகுத்து முடிந்தபின் ஆடிக் கிருத்திகைக்குப் போனால் ஆண்டவன் ஏற்றுக்கொள்ள மாட்டானா என்று மெல்லக் கேட்டார். பெரியப்பா மகன் மட்டும், புலவரின் உரிமை மயிரிழையில் தொங்குகிறது என்று சொல்லித் தாமே சிரித்துக்கொண்டார். குழந்தை என் மடியில் அமர்ந்து முடியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அக்காள்தான் பேசினாள். அவளுக்கு அந்த மடி எவ்வளவு பெரிது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; அதனால் யாரும் குறுக்கிடவில்லை.

"சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். போயிட்டு வா தம்பி. என்ற புள்ளை காதுக்காக நீ வாக்குத் தவறினா, அந்தக் காதுல தோடு போட்டு நான் எப்படிப் பாக்கறது?"

விசாகத்தன்று பழனிமலை ஏறினேன். முடியிறக்கும் வேளையில் மனம் சற்றுக் கனத்தது உண்மைதான். ஆயினும் கோவணத்தோடு மொட்டைத் தலையாய் நிற்கும் அந்தப் பெருமானின் சந்நிதியில் நின்றபோது கனம் கரைந்துவிட்டது. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு குன்றேறி வந்த பிள்ளையல்லவா அவன்? விளையாட்டுப் பொருள் கைவிட்டுப் போனால் ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒரு வித்துவான் வேண்டுமா? ஒன்றும் வேண்டாமல், கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

பஞ்சாமிர்தத்தோடு நேரே தோட்டத்துக்குப் போனேன். தலையில் சந்தனம் மணந்தது. குழந்தை என்னைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒன்றும் தொங்கவில்லை. பிறகு அவள் எழுப்பிய ஓலத்தில் கட்டுத்தறியிலிருந்த கன்று துள்ளியது. பஞ்சாமிர்தத்தை நாவில் தடவினேன். அதை வழித்துச் சுவைத்துக்கொண்டே அழுதாள். அடுத்த சனிக்கிழமைகளிலும் அப்படியே. என் முதுகைக் காட்டி அமர்ந்தாலும் பயனில்லை. தேடிவரும்படியாக அங்கே எதுவும் இருக்கவில்லை. மச்சான் மறுபடியும் பெரியப்பா மகனிடம் பேசிவைத்தார் என்பதை அக்காளின் முகம் எனக்குச் சொன்னது.

ஆனி மாதத்தில் குறித்த நாளும் வந்தது. தோட்டத்து ஓரத்திலிருந்த குலதெய்வக் கோயிலின் வேப்பமரத்தடியில் உறவினர் கூடினர். எங்கள் வழக்கப்படி முதலில் மொட்டை, பிறகு காதுகுத்து. ஒரே மடியில் இரண்டும் நடப்பதுதான் முறை. மச்சான் பெரியப்பா மகனைப் பார்த்தார், அவர் எழுந்தார். அப்போது அக்காள் எல்லோருக்கும் கேட்கும்படி, மிகுந்த பணிவோடு சொன்னாள்.

"பெரியண்ணா, மொட்டைக்கு நீங்க உக்காருங்க. மூத்தவங்க மடிதானுங்க முதல்ல. காதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மூத்தவருக்குத் தந்த மதிப்பை யார் மறுப்பார்கள்? அவரும் பெருமையோடு அமர்ந்து, குழந்தையை மடியில் வாங்கி, உதட்டை அதிரவைத்தார். குழந்தை சிரித்தாள். நாவிதர் தண்ணீரைத் தலையில் தெளித்தார். சிரிப்பு நின்றது. கத்தி பட்டதும் அழுகை தொடங்கியது. பெரியப்பா மகன் வண்டியோசையை எவ்வளவு வேகமாக ஓட்டினாரோ அவ்வளவு வேகமாக அவளும் அழுதாள். அவர் தம் பெரிய கைகளால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மொட்டை முடிந்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, புத்தாடை உடுத்தித் தூக்கி வந்தபோது, அவர் மறுபடியும் கைநீட்டினார். குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தாள். தன்னைப் பிடித்துவைத்துத் தண்ணீர் ஊற்றிச் சிரைக்கவைத்த கைகள் அவை என்பது அவள் நினைவில் நன்றாகவே பதிந்திருந்தது. தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலால் அவரை எட்டி உதைத்தாள்.

கூட்டம் சிரித்தது. ஆசாரி ஊசியைத் துணியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் போகிறதே என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் மணையில் போய் அமர்ந்தேன்.

பாட்டுப் பாடவில்லை, சிரித்துக் காட்டவும் இல்லை. தலை குனிந்துகொண்டு, என்னப்பனே என்று மனத்துக்குள் ஒருமுறை சொன்னேன். அக்காள் குழந்தையை என் மடியில் வைத்தாள். விக்கிக்கொண்டே அமர்ந்தவளின் கண்ணுக்கு நேராக இருந்தது என் தலை. பழனிக்குப் பின் மூன்று வாரம் வளர்ந்த முடி, அறுத்த சோளக்காட்டுத் தட்டைபோல் குத்திட்டு நின்றது. அவள் ஒரு விரலால் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையை விரித்து மெல்ல வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். அந்தக் குறுகுறுப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. மறுகையையும் வைத்தாள். இரு கைகளாலும் தேய்த்துவிட்டு, திடீரென்று நிறுத்தி, ஒரு கையைத் தன் தலைமேல் வைத்துப் பார்த்தாள். அங்கே வழவழப்பு. மறுபடியும் என் தலை. மறுபடியும் தன் தலை. அவள் சிரித்தபோது என் நெற்றியெல்லாம் எச்சில் வழிந்தது.

ஆசாரி வலக்காதைக் குத்திக் கம்பியை முறுக்கியதே அவளுக்குத் தெரியவில்லை. இடக்காதில்தான் தெரிந்தது. வாய் திறந்தது, ஒரு நொடி ஓசையே வரவில்லை, பிறகு வந்தது. ஆனால் அவள் திமிறவில்லை. இரு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் தோளில் வாயை வைத்து அழுதாள். "துளை ரெண்டும் நேரா விழுந்துருச்சுங்க" என்று சொல்லி ஆசாரி எழுந்தார்.

அக்காள் இரு கைகளையும் நீட்டினாள். ஊசி ஏறும்போது எதிரே நின்றது தாயின் முகம்தான். குற்றவாளி யார் என்று குழந்தை முடிவுசெய்துவிட்டாள் போலும். என் கழுத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டு போக மறுத்தாள். அக்காள் அழுதுகொண்டே சிரித்தாள்; சிரித்துக்கொண்டே ஊராரைத் திரும்பிப் பார்த்தாள்.

மொட்டைக்கு மூத்தவர் மடி என்று அன்று சொன்னது மரியாதைக்காகவா, அல்லது கணக்குப் போட்டுத்தானா என்று பின்னாளில் அக்காளிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள். பெரியப்பா மகனுக்கு மட்டும் அதில் ஐயமே இல்லை. அன்று விருந்துப் பந்தியில், தூங்கிப்போன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் அவளைத் தாங்கி வலக்கையால் நான் உண்டுகொண்டிருந்தபோது, அடுத்த இலையிலிருந்து அவர் குரல் அக்காளை நோக்கி எழுந்தது.

"அம்மணி, அடுத்த புள்ளைக்குக் காது என்ற மடியில. மொட்டைக்குப் புலவர் உக்காரட்டும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"ஆகட்டுமுங்க அண்ணா" என்றாள் அக்காள், அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றிக்கொண்டே.